மிஞ்சின சாமானில் ஒரு டர்போ எஞ்சின்

மாத்தளைப் பக்கத்தில் கார்ப் பைத்தியம் பிடித்த யார் வீட்டுக்குப் போனாலும் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு டர்போ, காலம் கடந்த பூஸ்ட் கொன்ட்ரோலர், வயர் அறுந்த மீற்றர்கள், எதற்குப் பொருந்தும் என்று வைத்திருப்பவருக்கே மறந்துபோன அலுமினியக் குழாய். வாங்கின நேரத்தில் பெரிய பெரிய திட்டமெல்லாம் இருந்திருக்கும். பிறகு கலியாணம், லீசிங், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று வர, பெட்டி கட்டிலுக்கடியில் போய்விடும். இப்படி நாலைந்து வீட்டுப் பெட்டிகளைத் திறக்க வைத்து, கிடைத்த சாமானைக் கொண்டே ஒரு டொயோட்டா ஸ்டார்லட்டுக்கு டர்போ எஞ்சின் கட்டினோம். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கதையைவிட கணக்குத்தான் கூடுதலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஏன் பழைய சாமான்? காரணம் உங்களுக்கும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. ஜப்பானிலிருந்து ஒரு டர்போ கிட் வரவழைக்கிற காசுக்கு இங்கே ஒரு முச்சக்கர வண்டி பார்க்கலாம் என்ற நிலை. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1 ஆம் திகதிதான். வரியையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கதவு எங்களுக்குத் திறந்ததாகச் சொல்ல முடியாது. ஆகவே இருக்கிற பழைய காரை வைத்திருப்பதும், அதற்குள்ளேயே நமது ஆசையைத் தீர்த்துக்கொள்வதும்தான் வழி.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சாமான்கள் பழசே தவிர மட்டமானவை இல்லை. எச்கேஎஸ் கம்பனி 1973 இல் புஜி மலையடிவாரத்தில் ஒரு பால்பண்ணைக் கொட்டகையில் தொடங்கியது; அடுத்த வருடமே ஜப்பானில் பயணிகள் காருக்கான முதல் டர்போ கிட்டைச் செய்து விற்றது. அதற்குப் பின் வந்த இருபத்தைந்து வருடங்களில் பிளிட்ஸ், டிரஸ்ட், அபெக்ஸி என்று ஒரு பெரிய தொழிலே அங்கே வளர்ந்தது. அந்தக் காலத்துச் சாமான்தான் பாதியாக வெட்டி அனுப்பிய ஹாஃப் கட்டுகளோடும், ரீகண்டிஷன் கார்களோடும், கொள்கலன் கொள்கலனாக இங்கே வந்து இறங்கியது. பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றினவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஏன் ஸ்டார்லட்?

ஈபி82 ஸ்டார்லட் எங்கள் ஊரில் நிறைய ஓடுகிறது. சாமான் கிடைக்கும், வேலை தெரிந்த ஆட்களும் உண்டு. அதில் சாதாரணமாக இருப்பது 4ஈ-எஃப்ஈ எஞ்சின்: 1331 சிசி, டர்போ கிடையாது. அதே குடும்பத்தில் டொயோட்டாவே செய்த டர்போ எஞ்சின் 4ஈ-எஃப்டிஈ. ஈபி82 ஜீடியிலும், பின்னால் வந்த கிளான்சாவிலும் இருந்தது. ஒரு தொன்னுக்கும் குறைந்த எடையுள்ள காருக்கு 135 குதிரைத்திறன். கம்பனியிலிருந்து வந்தபடியே அவ்வளவு.

"இருக்கிற எஞ்சினுக்கே ஒரு டர்போவை மாட்டினால் என்ன?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மாட்டலாம், ஆனால் அழுத்த விகிதத்தைப் பாருங்கள். 4ஈ-எஃப்ஈ இல் 9.6, டர்போ எஞ்சினில் 8.2. டர்போ ஏற்கெனவே அழுத்திய காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது. அதைப் பிஸ்டன் மறுபடி 9.6 மடங்கு அழுத்தினால், ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேரும் முன்பே மீதி எரிபொருள் தானாகவே வெடிக்கும். அதுதான் நொக். பிஸ்டனின் விளிம்பு உடைவதும் ஹெட் கேஸ்கட் போவதும் பெரும்பாலும் அதனால்தான்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1962 இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கம்பனி ஜெட்ஃபயர் என்று ஒரு டர்போ காரை விட்டது. அழுத்த விகிதம் 10.25. நொக் வராமலிருக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்கத் தனித் தொட்டி வைத்தார்கள். வாங்கியவர்கள் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் கம்பனியே டர்போவைக் கழற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. எஞ்சினியர்மார் கூட்டமே வைத்திருந்த கம்பனிக்கே அந்தக் கதி என்றால் நமக்கு என்ன அவசரம்?

5ஈ எஞ்சின் பக்கமும் ஆசை போனது, மறைக்கவில்லை. டொயோட்டா கோர்சாவில் இருப்பது அதுதான். சிலிண்டர் விட்டம் இரண்டிலும் 74 மில்லிமீற்றர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் 77.4 க்குப் பதில் 87. அதனால் 1496 சிசி கிடைக்கும். 4ஈ டர்போவின் ஹெட்டை அதன்மேல் வைத்துக் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அது பிஸ்டன், ரொட், எஞ்சினை நடத்தும் கணினியான ஈசீயூ எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டிய வேலை. மிஞ்சின சாமானில் கட்டுகிறவனுக்கு அது சரிவராது. ஆகவே டர்போ இல்லாமல் ஒருவரிடம் சும்மா கிடந்த 4ஈ-எஃப்டிஈ எஞ்சினோடு தொடங்கினோம்.

நானாவின் கேள்வி

வேலை நடந்தது உக்குவளைப் பக்கத்தில் ஒரு கராஜில். நடத்துகிறவரை நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். பெட்டிகளை எல்லாம் அவருடைய மேசையில் கொட்டினேன். தொழிற்சாலை டர்போவான சிடி9, ஒரு லான்சர் எவோவின் இன்டர்கூலர், சின்ன டீசல் வான் ஒன்றின் இன்டர்கூலர், அபெக்ஸியின் எஸ்-ஏஎஃப்சி பெட்டி, ஒரு காளான் வடிவ ஏர் பில்டர், பெரிய இன்ஜெக்டர் ஒரு செட், கம்பனி இன்ஜெக்டர் ஒரு செட்.

"நானா, இதுகள வச்சு எவ்வளவு எடுக்கலாம்?"

அவர் சாமானை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எவ்வளவு குதிர வரும் எண்டு கேக்காதீங்க. எது முதல்ல ஒடையும் எண்டு கேளுங்க."

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததே அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

புது கிட் வாங்கினால் டர்போவும் இன்ஜெக்டரும் ஈசீயூவும் ஒன்றுக்கொன்று பொருந்துவதாக யாரோ கணக்குப் போட்டுத் தந்திருப்பார்கள். பெட்டிச் சாமான் அப்படியில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளின் வேறு வேறு திட்டத்துக்காக வாங்கியது. அதற்குள் மிகப் பலவீனமானது எது என்று கண்டுபிடித்து, முழு எஞ்சினையும் அந்த அளவுக்குள் நிறுத்த வேண்டும். அதற்கு மேலே உள்ள சாமான் எவ்வளவு பெரிய பேர் போட்டதாக இருந்தாலும் பிரயோசனமில்லை.

டர்போவைப் பார்ப்பது எப்படி

பழைய டர்போ வாங்குகிறவர்கள் விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு "நல்லாச் சுத்துது" என்று காசைக் கொடுத்துவிடுகிறார்கள். சுற்றுவது ஒன்றுக்கும் அத்தாட்சியில்லை. காற்று உள்ளே போகும் பக்கத்துக் குழாயைக் கழற்றி, நடுவில் இருக்கும் நட்டைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் சிறிது அசைய வேண்டும். இந்த வகை டர்போவில் அச்சு ஒயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது, ஆகவே அந்த அசைவு இயல்பு. ஆனால் தள்ளும்போது சக்கரத்தின் இறக்கை சுவரில் உரசக் கூடாது. அடுத்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் கைக்கு அசைவு தெரியவே கூடாது. தெரிந்தால் திரஸ்ட் பேரிங் போய்விட்டது. சிடி9 இல் முதலில் களைக்கும் இடம் அதுதான்.

பிறகு வெப்பப் பக்கம். புகை வந்து அடிக்கும் வார்ப்பு இரும்புக் கூட்டில், டர்போவின் அழுத்தத்தை (பூஸ்ட்டை) மட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் துளைக்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு வரும். கரி பிடித்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாது. நானா அதற்கு ஒரு பழைய வழி வைத்திருக்கிறார். கூட்டைக் கழுவிக் காயவைத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, எடுத்து நன்றாகத் துடைத்து, அதன்மேல் வெண்கட்டித் தூளைத் தூவி ஒரு பக்கத்தில் வைத்துவிடுவார். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் ஈரக் கோடு போடும். எங்கள் கூட்டில் குட்டையான ஒரு கோடு வந்தது. வேஸ்ட்கேட் துளைக்கும் டர்பைன் துளைக்கும் நடுவில் மட்டும், வெளிச் சுவரைத் தொடாமல். "இது ஓடும். ஆனா பூஸ்ட்டக் கூட்டுற எண்ணம் வேணாம்" என்றார் நானா. பலவீனமானது எது என்ற கேள்விக்கு முதல் பதில் கிடைத்தது.

கணக்கு

இரண்டாவது பதில் இன்ஜெக்டரில் கிடைத்தது. கம்பனி இன்ஜெக்டர் ஒன்று நிமிடத்துக்கு 295 சிசி பெற்றோல் விடும். நான்குக்கும் சேர்த்து 1180. முழு நேரமும் திறந்து வைத்து ஓட்ட முடியாது. 80 சதவீதத்தோடு நிறுத்துவது வழக்கம். அப்படியானால் 944. டர்போ எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சிசி என்று வைத்தால், 150 குதிரை. அதற்கு மேல் போனால் பெற்றோல் போதாது, கலவை மெலியும், பிஸ்டன் உருகும்.

பெரிய இன்ஜெக்டர் செட் கையில்தானே இருந்தது என்பீர்கள். இருந்தது. ஆனால் கம்பனி ஈசீயூவுக்கு அது தெரியாது. தேவைக்கு மேல் பெற்றோல் கொட்டும். அதைக் குறைக்கத்தான் எஸ்-ஏஎஃப்சி பெட்டி. அது செய்வது ஒரு பொய். உள்ளே வரும் காற்றின் அளவைக் குறைத்து ஈசீயூவுக்குச் சொல்லும். ஈசீயூவும் நம்பி, பெற்றோலைக் குறைக்கும். ஆனால் அதே கணக்கை வைத்துத்தான் ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. காற்றுக் குறைவு, சுமை குறைவு என்று நினைத்து ஸ்பார்க்கை முன்கூட்டியே அடிக்கும். முழு பூஸ்ட்டில் ஓடும் எஞ்சினில் ஸ்பார்க் முந்தினால் என்ன நடக்கும்? மறுபடி நொக். தொண்ணூறுகளில் இந்தப் பெட்டியால் எத்தனையோ கார் வேகமாக ஓடியது உண்மை. ஜப்பானில் 100 ஒக்டேன் பெற்றோல் அடித்துக்கொண்டு ஓடின என்பதும் உண்மை. இங்கே நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது 92 அல்லது 95. எங்கள் எஞ்சினுக்கு 95 க்குக் குறைந்து ஒன்றும் கிடையாது என்று முதல் நாளே முடிவெடுத்தோம்.

ஆகவே பெரிய இன்ஜெக்டரும் எஸ்-ஏஎஃப்சியும் திரும்பவும் பெட்டிக்குள் போயின. கம்பனி இன்ஜெக்டர், கம்பனி ஈசீயூ, கம்பனி பூஸ்ட். அதாவது 0.65 பார். "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று கூட்டாளிமார் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சூடு

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவது எல்லாருக்கும் தெரியும். டர்போவிலும் அதுதான் நடக்கிறது. 30 பாகை வெப்பத்தில் காற்றை எடுத்து 0.65 பார் ஏற்றினால், டர்போவின் திறனைப் பொறுத்து அது 100 பாகை அளவில் வெளியே வரும். சூடான காற்று ஐதானது. அதோடு நொக்குக்கும் இடம் கொடுக்கும். நுவரெலியாவில் இருப்பவர் இதைக் கொஞ்சம் மறந்திருக்கலாம். நாவுல, தம்புள்ளைப் பக்கம் மத்தியானத்தில் ஓடுகிறவர் மறக்க முடியாது. மாத்தளை மாவட்டத்தின் சோதனையே இதுதான்: தெற்கே குளிர் மலை, வடக்கே வரண்ட வலயம். ஒரே காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டையும் பார்த்துவிடலாம்.

அதனால் அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. எவோவின் இன்டர்கூலர் பார்க்க அழகு. ஆனால் ஸ்டார்லட்டின் முகம் முழுவதையும் மூடி, றேடியேற்றருக்குப் போகும் காற்றைத் தடுக்கிறது. டீசல் வானின் சின்ன இன்டர்கூலரே பொருந்தியது. பழைய இன்டர்கூலர் எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அதற்கு முன்னால் இருந்த டர்போ உடைந்து போயிருந்தால், அலுமினியத் துணுக்குகள் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். கழுவாமல் பூட்டினால் நேரே உங்கள் சிலிண்டருக்குள்தான் வரும். நாங்கள் மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, வடிந்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டி, துணியில் ஒன்றும் மினுங்காத நிலை வரும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்தோம். பிறகு இரண்டு வாயையும் அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம்.

காளான் பில்டர் குப்பைக்குப் போனது. அந்தப் பழைய ஸ்பொஞ்ச் விரல் பட்டாலே உதிர்ந்தது. உதிர்ந்தது எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? கம்பனிப் பெட்டி பில்டரைப் புதிய கடதாசியோடு போட்டோம். வரண்ட வலயத்துப் புழுதிக்கு அதைவிடப் பாதுகாப்பு இல்லை.

காசு போன இடம்

பெட்டிச் சாமானுக்கு நான் கொடுத்த காசு சொற்பம். சிலதுக்குக் கொடுத்தது இரவுச் சாப்பாடுதான். காசு போனது வெளியே தெரியாத இடங்களில். ஹெட் கேஸ்கட், ஹெட் போல்ட், மெயின் பேரிங், ரொட் பேரிங், ரிங் செட், ஒயில் பம்ப், பெற்றோல் பம்ப், டர்போவுக்கு ஒயில் கொண்டுபோகும் லைன், எல்லா றப்பர் ஹோஸும். இவற்றில் ஒன்றைக்கூடப் பழசாகப் போடவில்லை.

ஏன் ஒயில் லைன்? சூடான டர்போவை அப்படியே ஓஃப் செய்தால், உள்ளே தேங்கிய ஒயில் கருகிக் கரியாகும். வருடக்கணக்கில் அந்தக் கரி மெல்லிய குழாயை அடைக்கும். வெளியே பார்க்கக் குழாய் நன்றாகவே இருக்கும். அதைப் பூட்டினால் நல்ல டர்போவும் சில நிமிடங்களில் போய்விடும். ஒயில் திரும்பி வரும் குழாயிலும் கவனம் தேவை: அதில் ஒயில் தன் பாரத்தில்தான் இறங்குகிறது, ஆகவே மடிப்பில்லாமல், அகலமாக, நேரே கீழே இறங்க வேண்டும். பழைய டர்போ புகை தள்ளுகிறது என்று குறை சொல்கிறவர்களில் பலருக்கு உண்மையில் கோளாறு இந்தக் குழாயில்தான்.

பேரிங் இடைவெளி பார்க்கப் பிளாஸ்டிகேஜ் போதும். ஒரு மெல்லிய மெழுகு இழையைக் கிராங்கின் மேல் வைத்து, மூடியைச் சொன்ன அளவு இறுக்கி, மறுபடி கழற்றினால் இழை நசுங்கிப் பட்டையாகக் கிடக்கும். உறையில் அச்சிட்ட கோடுகளோடு அதன் அகலத்தை ஒப்பிட வேண்டியதுதான். பட்டை அகலமென்றால் இடைவெளி குறைவு. இதைச் செய்யும்போது கிராங்கைச் சுற்றக் கூடாது, அவ்வளவுதான். ஹெட்டின் அடிப்பக்கம் நேரான பட்டையை வைத்து 0.05 மில்லிமீற்றருக்குள் இருக்கிறதா என்று பார்த்தோம். ரிங் வாயில் சுமார் 0.35 மில்லிமீற்றர் விட்டோம். டர்போ எஞ்சினில் ரிங் கூடுதலாகச் சூடேறி விரியும். வாய் முட்டினால் சிலிண்டரைக் கீறும்.

பூட்டி முடிந்ததும் வாங்கிய ஒரே ஆடம்பரம் புதிய வைட்பாண்ட் மீற்றர். காற்றும் பெற்றோலும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்று காட்டும். முழு பூஸ்ட்டில் 11.5 க்கு அண்மையில் நிற்கிறது. அந்த ஊசியைப் பார்க்காமல் பெரிய மீற்றர் மூன்றை வரிசையாகப் பூட்டுவதில் அர்த்தமில்லை.

ஓட்டம் எப்படி?

குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்காதீர்கள், டைனோவில் ஏற்றவில்லை. இரத்தோட்டையிலிருந்து றிவஸ்டன் ஏற்றத்தில் முன்பு இரண்டாம் கியருக்கு இறங்கிய இடங்களில் இப்போது மூன்றாம் கியரில் சிரமமில்லாமல் போகிறது. உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகும். ஆயிரம் மீற்றரில் கடல் மட்டத்தைவிடப் பத்து வீதத்துக்கு மேல் காற்றழுத்தம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதை முழுதாக உணரும், டர்போ எஞ்சின் அவ்வளவு உணராது. மலைநாட்டில் டர்போவுக்கு உண்மையான வேலை இதுதான். அந்த வீதி ஒடுக்கமானது, வளைவுக்கு வளைவு உல்லாசப் பயணிகளின் வான் வரும். வேகம் காட்டுகிற இடமல்ல.

வேகம் காட்ட ஆசையென்றால் நமது மாவட்டத்திலேயே களம் இருக்கிறது. சீகிரியா விமானப்படை முகாமில் நடக்கும் ரலி குரொஸ் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஆனால் பதிவு செய்ய முன் பிரிவு விதியை வாசியுங்கள். அனைத்துலக விதியில் டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்குவது வழக்கம். 1331 சிசி 2263 சிசி ஆகிவிடும். சின்ன எஞ்சின் பிரிவில் இருந்த உங்கள் கார், டர்போ பூட்டியதும் இரண்டு லீற்றருக்கு மேற்பட்டவர்களோடு நிற்கும்.

வீதியில் ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று. எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிவுப் புத்தகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். வருமான அனுமதிப் பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனை இருக்கிறது. கலவை சரியில்லாத எஞ்சின் அங்கே மாட்டும். காப்புறுதிக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். விபத்து நடந்த பிறகு சொன்னால் அது செல்லாது.

இப்போது என் தீர்ப்பு. உங்களிடம் அளக்கிற கருவியும், அளந்து பார்க்கிற ஒரு நானாவும், கம்பனி பூஸ்ட்டோடு திருப்திப்படுகிற மனமும் இருந்தால் மிஞ்சின சாமானில் தாராளமாகக் கட்டலாம். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம். புது கேஸ்கட்டுக்கும் பேரிங்குக்கும் காசில்லை, ஆனால் டர்போ மலிவாகக் கிடைத்தது என்று தொடங்குகிறவர், அந்த டர்போவைப் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது. அது யாருக்காவது பிறகு உதவும். உங்கள் பெட்டியில் 4ஈ டர்போவின் வேஸ்ட்கேட் அக்சுவேற்றர் நல்லது ஒன்று கிடந்தால் எனக்கும் சொல்லுங்கள், இராச் சாப்பாடு என் கணக்கு.